ஏற்கெனவே நறுக்கிய வெங்காயம்

என் வீட்டுக்காரர் இருபது நிமிடத்தில் குடும்பத்துக்கே விருந்து சமைப்பார். இதை நான் சொல்லவில்லை, அவருடைய புத்தகத்தின் அட்டை சொல்கிறது. அட்டையில் கையில் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். கரண்டியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்தவர். வாசல் அறையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று குறிக்கிற வேலை. ஒரு நிமிடம் பிந்தி வந்தவனையும் விட்டதில்லை என்று பெருமை வேறு. ஓய்வு பெற்ற மறு மாதம் பொழுது போகாமல் ஒரு நாள் முட்டை பொரித்தார். மகன் அதைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஒரு ஆள் முட்டை பொரிப்பதைப் பார்க்க இத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு மூன்று வருடமாக வாரம் ஒரு நிகழ்ச்சி, ஒரு புத்தகம், "இருபது நிமிட மாமா" என்று ரசிகர்கள் கொடுத்த பட்டம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருபத்தாறு வருடம் இருந்தவள். ஆசிரியர் வருவதற்கு முன்னால் குடுவைகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைப்பேன். எதில் எத்தனை மில்லி என்று அளந்து ஊற்றுவேன். விளக்குக்குத் திரி போடுவேன். ஆசிரியர் வந்து இதை எடுத்து அதில் ஊற்றுவார். நீலம் சிவப்பாகும். பிள்ளைகள் ஆசிரியருக்குக் கை தட்டுவார்கள். அங்கேயாவது மாதம் முடிந்தால் சம்பளம் கொடுத்தார்கள்.

அவருடைய நிகழ்ச்சியை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வார்த்தையை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். "ஏற்கெனவே நறுக்கின வெங்காயம் இருக்கு. ஏற்கெனவே ஊற வெச்ச கடலை இருக்கு. ஏற்கெனவே மசாலா தடவின கோழி இருக்கு." அந்த ஏற்கெனவே நான்தான். முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டு, விடிந்ததும் வேகவைத்து, உரித்து, நறுக்கி, அரைத்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டு மேஜையில் வரிசையாக வைத்தால், ஐயா தலை சீவிக்கொண்டு வந்து நிற்பார். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்று பெரியவர்கள் சொன்னது இவரைப் போல ஒருவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் கேட்டேன், கடிகாரத்தை எந்த இடத்தில் ஓட விடுகிறீர்கள் என்று.

"அடுப்பு பத்த வெச்சதும்."

"அதுக்கு முன்னாடி நான் அஞ்சு மணி நேரம் நின்னேனே, அது?"

"தொழிற்சாலையில கேட்டுக்குள்ள நுழைஞ்சாத்தான் கணக்கு. வீட்டுல இருந்து நடந்து வர்றதுக்கெல்லாம் கணக்குக் கிடையாது" என்றார். முப்பத்தோரு வருட அனுபவம் பேசுகிறது.

இன்னொரு நாளும் ஒன்று கேட்டேன். இதெல்லாம் என் மனைவி நறுக்கியது என்று ஒரே ஒரு தடவை நிகழ்ச்சியில் சொன்னால் என்ன என்று. "ஓட்டம் கெட்டுடும்மா" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஆசை போகவில்லை. அறுபது வயதை நெருங்குகிறவளுக்கு இது என்ன ஆசை என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன். இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஓட்டம் ஒரு வாரமும் கெடவில்லை.

இந்த வருடம் பண்டிகை விடுமுறைக்கு நேரலை என்று முடிவு செய்தார். யாரோ ஒரு பாவி, "வெட்டி ஒட்டின வீடியோ, இருபது நிமிடமெல்லாம் சும்மா" என்று எழுதிவிட்டானாம். ரோஷம் வந்துவிட்டது. பண்டிகை அன்று மாலை சரியாக ஏழு மணிக்கு, ஒரே பாத்திரத்தில் கோழியும் கொண்டைக்கடலையும், கடைசியில் சர்க்கரைப் பாகு ஊற்றிய பேரீச்சம்பழ கேக், எல்லாம் இருபதே நிமிடத்தில், கண் முன்னால். ரோஷம் அவருக்கு, முதுகுவலி எனக்கு. அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மேஜையில் பத்தொன்பது கிண்ணங்கள் இருந்தன. பேரீச்சம்பழ கேக்கை முந்தின நாளே சுட்டு ஆறவைத்துவிட்டேன். ஆறு வெங்காயமும் நாற்பது பல் பூண்டும் நறுக்கிய விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகன் கூப்பிட்டான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிறான். வாயால் விற்கிற வேலை, நன்றாகவே விற்கிறான். ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண்ணின் அப்பா தராசு சரிபார்க்கும் அதிகாரி. கடை கடையாகப் போய் எடைக்கற்களை எடுத்துப் பார்த்து, இரண்டு கிராம் குறைந்தாலும் அபராதம் எழுதுகிறவர். "பேசி விக்கிறவன் வாயை நம்பிப் பொண்ணு குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மருமகள் என்னிடம் அதைப் பற்றிப் புலம்பியதே கிடையாது. போன் அடித்தால் மட்டும் அது யார் என்று ஓடிப்போய்ப் பார்ப்பாள். வேறு யாரோ என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

எப்படியோ அவளுடைய அம்மா பேசிப் பேசி, இந்தப் பண்டிகைக்கு மகள் வீட்டில் வந்து கை நனைக்க அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். முதல் தடவை நாலு பேர் மட்டும் இருக்கட்டும் என்று மகன் சொன்னதால் எங்களுக்கு அழைப்பு இல்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. சரி, அது வேறு கதை.

"அம்மா, அப்பா இருக்காரா?" என்றான் போனில்.

"இருக்கார். எந்தச் சட்டை போடறதுன்னு மூணாவது சட்டை மாத்திட்டிருக்கார். என்னடா?"

"புத்தகத்துல எழுபத்திரெண்டாம் பக்கம் ஒரு சந்தேகம். 'ஊறவைத்து வேகவைத்த கடலை, மூன்று கப்'னு போட்டிருக்கு. நான் வாங்கினது கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு நேரம் ஊறணும்?"

"எட்டு மணி நேரம்."

அந்தப் பக்கம் எதையோ தண்ணீரில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்புறம் வேக?"

"அது ஒரு முக்கால் மணி நேரம்."

"அம்மா, இருபது நிமிஷம்னு தலைப்புல போட்டிருக்கு."

"அட்டையிலயும் போட்டிருக்குடா."

"சரி, கடலையை விடுங்க. 'ஆறவைத்த பேரீச்சம்பழ கேக், ஒன்று'னு இருக்கு. அந்த கேக்கைப் பண்றது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. அது நான் முந்தின நாளே பண்ணிடறது."

அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தட்டு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாடு வரும் என்பது அவன் பிறந்ததிலிருந்து கண்ட இயற்கை விதி. ஒரு நாளும் எட்டிப் பார்க்காத சமையலறையை அப்பாவின் நிகழ்ச்சியில்தான் முதல்முதலாகப் பார்த்தான். அதிலே இருபது நிமிடம்தான் ஆனது. ஏழு மணிக்கு விருந்தாளி, ஆறே காலுக்கு ஆரம்பித்தால் தாராளம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். உலகத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

"கோழி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"முழுசா இருக்கு. ஐஸா இருக்கு."

"எங்கேயாவது வாங்கிட்டு வந்துடேன்."

"பண்டிகைக்கு எல்லாக் கடையும் மூடிட்டான்மா. அதுவும் இல்லாம, நானே என் கையால சமைச்சுப் போடறேன்னு அவர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஒரு சொல்லாவது நிஜமா இருக்கான்னு பார்க்கறேன்'னார். அதுக்காகத்தான் வர்றார்." குரல் உடைந்துவிட்டது. "அவ ஏழு மணிக்குத்தான் டியூட்டி முடிஞ்சு வருவா. காலையில போகும்போது எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அப்பா சாப்பிட்டுட்டுப் போகணும்னு. நான் என்னம்மா பண்றது?"

வெறுங்கையால் முழம் போடுவது எங்கள் வீட்டு ஆண்களின் பரம்பரைச் சொத்து. அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மேஜையைப் பார்த்தேன். பத்தொன்பது கிண்ணங்களும் மூடி போட்ட ஜாதி. வாங்கும்போதே அப்படிப் பார்த்து வாங்கியவள் நான்.

"அடுப்பில பெரிய பாத்திரத்தை வை. நான் வர்றேன்" என்று போனை வைத்தேன்.

ஏழாவது மூடியை அழுத்திக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். நாலாவது சட்டை.

"என்ன இது, எல்லாத்தையும் எங்க எடுத்துட்டுப் போறே?"

"உங்க மகன் உங்க புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறான்."

"நல்ல விஷயம்தானே."

"புத்தகத்தை மட்டும் பார்த்துச் சமைக்கிறான். கடலை இன்னும் ஊறவே போடல. ஏழு மணிக்கு அந்தப் பொண்ணோட அப்பா வர்றார்."

அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் இரண்டாவதாகப் புரிந்ததுதான் வாயில் வந்தது. "இன்னும் ஒரு மணி நேரத்துல லைவ். பதினஞ்சாயிரம் பேர் காத்துட்டிருக்காங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"வெங்காயம் கூடையில இருக்கு. கோழி இன்னொண்ணு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. கடலை மேல் தட்டுல நீல டப்பா. கத்தி எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியவில்லை. சொன்னேன். கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "நீ இல்லாம எப்படிம்மா?" என்றார். மூன்று வருடத்தில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை, வாடகை வண்டி வந்துவிட்டது.

மகன் வீட்டுச் சமையலறையில், கடலையைச் சுடுதண்ணீரில் போட்டு, அது சீக்கிரம் ஊறட்டும் என்று முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பலகையில் ஒரு வெங்காயம் நறுக்கியிருந்தான். ஒவ்வொரு துண்டும் பகடைக்காய் அளவில் இருந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எண்ணெய், வெங்காயம், பூண்டு, அரைத்த விழுது, கோழி, கடலை என்று கிண்ணம் கிண்ணமாகத் திறந்து கொட்டினேன். கரண்டியை மட்டும் அவன் கையில் கொடுத்தேன்.

"நீயே கிளறு. சமைச்சேன்னு சொல்லப் போறே இல்ல, அதுல அரைக்கால் பங்காவது நிஜமா இருக்கட்டும்."

கிளறினான். வியர்க்க வியர்க்கக் கிளறினான். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், சரியாக இருபத்திரண்டு நிமிடத்தில் கோழி தயார். புத்தகம் அந்த அளவுக்கு நிஜம்தான்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மருமகள் சீருடையோடு ஓடி வந்தாள். கொஞ்சம் முன்னதாகவே கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் குவிந்திருந்த கிண்ணங்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் கண்டுபிடிக்கிறவள், அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அத்தை, அப்பா கேட்டா என்ன சொல்றது?"

"நான் கேக் குடுக்க வந்தேன். சமையல் உன் புருஷன். போய் முகம் கழுவிட்டு வா" என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். கை சில்லென்று இருந்தது.

சரியாக ஏழு மணிக்கு மணி அடித்தது. டைம் கீப்பர் இருந்திருந்தால் உருகிப் போயிருப்பார். சம்பந்தி உள்ளே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் இருந்தது நாலு நிமிடம் முந்தி. அதை மனதில் எழுதிக்கொண்டார் என்பது தெரிந்தது. சம்பந்தி அம்மா மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சம்பந்தி மகளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதுவும் அவளைப் பார்த்தா, அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தா என்று சொல்ல முடியாது.

உட்கார்ந்தார்கள். மருமகள் பரிமாறினாள். கோழியும் கடலையும் ஆவி பறக்க, ரொட்டி, நறுக்கிய காய்கள், நடுவில் கேக். எல்லாம் அழகாகத்தான் இருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப் போவதில்லை. சம்பந்தி அம்மா ரொட்டியைப் பிய்த்துவிட்டு, கணவரைப் பார்த்துக் கையை நிறுத்திக்கொண்டார். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தார்.

"இதை யார் சமைச்சது?"

மகன் வாயைத் திறந்தான். "உங்களைக் கேட்கல தம்பி" என்றார். ஒரு வருடம் ஆகியும் மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்க, பொய் சொல்ல மாட்டீங்க."

மூன்று வருடமாக யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். வந்தது பாருங்கள். கேட்டவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, சரக்கை நிறுத்துப் பார்த்து மதிப்புச் சொல்லத் தெரிந்தவர். நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சமையலறை வாசலில் மருமகள் கரண்டியோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாப்பிள்ளைதான்" என்றேன். "நான் கேக் கொண்டு வந்தேன்."

அவர் தட்டைத் தொடவில்லை. கை மடியில்தான் இருந்தது. "உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு நேரலை நிகழ்ச்சி. ஏழு மணிக்கு."

"சம்பந்தியைப் பார்க்கறதைவிட முக்கியமான நிகழ்ச்சி. போடுங்க, பார்ப்போம்."

மகன் போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்தான். அவனுக்கும் வேறு வழி இல்லை, எனக்கும் அதைத் தடுக்க ஒரு சாக்கும் தோன்றவில்லை.

ஏழு இருபத்தேழு. திரையில் எங்கள் சமையலறை. நாலாவது சட்டையில் என் வீட்டுக்காரர். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. பலகைமேல் மூன்றாவது வெங்காயம் பாதியில் நின்றது. கத்தியைக் கரண்டி மாதிரி பிடித்திருந்தார். கண்ணிலிருந்து கொட்டுகிறது, அதை வெங்காயச் சாறு பட்ட கையாலேயே துடைக்கிறார், மேலும் கொட்டுகிறது. கீழே ரசிகர்கள் எழுதுகிறார்கள். "மாமா, இருபது நிமிடம் முடிஞ்சு ஏழு நிமிடம் ஆச்சு." "மாமா, ஏற்கெனவே நறுக்கின வெங்காயம் எங்கே?" பார்க்கிறவர்களின் எண்ணிக்கை எழுபதாயிரம். முட்டை பொரித்த அன்றுகூட இவ்வளவு இல்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சொல்லிடறேன்" என்றார். மூக்கை உறிஞ்சினார். "நான் இதுவரைக்கும் ஒரு வெங்காயம்கூட நறுக்கினதில்ல. எல்லாம் என் வீட்டுக்காரி நறுக்கினது. கடலை ஊறப் போடறது, வேக வைக்கிறது, கேக் சுடறது எல்லாம் அவதான். நான் வந்து கிளறுவேன். இன்னிக்குச் செஞ்சு வெச்ச அத்தனையையும் டப்பாவுல போட்டு மகன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. அவனோட மாமனார் மாமியார் சாப்பிட வர்றாங்க. அவனுக்கும் சமைக்கத் தெரியாது."

முப்பத்து நாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனிதர் முழுசாக உண்மை பேசிய நேரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? என்னைப் பற்றிச் சொன்னதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? விலாசம் ஒன்றுதான் பாக்கி. போன் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

சம்பந்தி தட்டைப் பார்த்தார். கோழி, கடலை. சமையலறைத் தொட்டியைப் பார்த்தார். பத்தொன்பது கிண்ணங்கள். பிறகு என் மகனைப் பார்த்தார்.

"தம்பி, இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

மகன் என்னைப் பார்க்கவில்லை. வாயால் பிழைக்கிறவன், பத்து பதில் தயாராக வைத்திருப்பான் என்று நினைத்தேன்.

"கிளறினேன்" என்றான்.

"அவ்வளவுதானா?"

"ஒரு வெங்காயம் நறுக்கினேன். அதை அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க."

"அப்ப ஏன் சமைக்கிறேன்னு சொன்னீங்க?"

"சொன்னப்ப அது பொய்னு எனக்குத் தெரியாது. இருபது நிமிஷம்னு அப்பா புத்தகத்துல இருந்துச்சு, நம்பினேன். கடலை எட்டு மணி நேரம் ஊறணும்னு இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எனக்குத் தெரியும். இப்ப உங்ககிட்ட நானே சமைச்சேன்னு சொல்ல நினைச்சேன் பாருங்க, அது பொய்தான். நீங்க சாப்பிடாமப் போயிட்டா இவ தாங்க மாட்டா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க பொண்ணு அந்தக் கதவுகிட்ட நிக்கிறா. வந்ததுல இருந்து நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவ முகத்தைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். எத்தனை கிராம் பொய்னு நிறுத்துப் பார்த்து அபராதம் எழுதுங்க, கட்டிடறேன்."

மகன் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தி அம்மா மட்டும் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கணவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வீட்டுல கடலை எப்ப ஊறப் போடறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தன் மனைவியின் கையைப் பார்த்தார். இரண்டு கிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற மனிதர்.

"தெரியாது" என்றார்.

"அப்ப பேசாம சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா.

போனில் என் வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயர்கூட ஒரு தடவை காதில் விழுந்தது. நான் சம்பந்தியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தது. தட்டின் ஓரத்தில் நின்றது. பிறகு ரொட்டியைப் பிய்த்தது, கடலையில் தோய்த்தது, வாய்க்குப் போனது. மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்கு முன்னால் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

"தண்ணி வைம்மா" என்றார்.

தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, போனைத் தாங்கிக்கொண்டு. மருமகள் வந்து போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பாதி டம்ளரிலும் பாதி மேஜையிலும் போனது. அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளுக்கு இடம் விட்டார். நான் சமையலறைக்குள் போய், கிண்ணங்களைக் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது எட்டே முக்கால். சமையலறையில் நடக்க இடம் இல்லை. ஐந்தாவது வெங்காயம்வரை வந்திருந்தார். இடது கை விரல் இரண்டில் துணி சுற்றியிருந்தது. கோழி போன இடத்தை நான் கேட்கவில்லை. இருபது நிமிட மாமா பசியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் வீட்டிலிருந்து கொண்டு வந்த டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"கேட்டியா?" என்றார். "எல்லாரும் கேட்டாங்க. லட்சம் பேர் பார்த்திருக்காங்க. கடைசியில பத்து நிமிஷம் உன்னைப் பத்தியேதான் பேசினேன். பேரெல்லாம் சொன்னேன். கேட்டியா இல்லையா?"

"ஆரம்பத்துல சொன்னது கேட்டுச்சு. அப்புறம் கேட்கல."

முகம் விழுந்துவிட்டது. "ஏன்?"

"அந்த மனுஷன் சாப்பிடறாரான்னு பார்த்துட்டிருந்தேன்."

அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் இரண்டும் இன்னும் சிவந்துதான் இருந்தன.

"சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்" என்றேன்.